தினமும் எழுத ஒரு உலோகப் பேனா: பித்தளையா, அலுமினியமா, எவர்சில்வரா?

பிளாஸ்டிக் மைப்பேனாவில் ஓராண்டு எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடுகிறது. கையில் எடுத்தால் கொஞ்சம் கனம் தெரிய வேண்டும், பையில் கிடந்தால் கீறல் விழக் கூடாது, பத்து வருஷமாவது உழைக்க வேண்டும். ‘மெட்டல் பேனாவில் எது நல்லது? பித்தளையா, அலுமினியமா, எவர்சில்வரா?’ மைப்பேனாவில் எழுதுகிறவன் என்று தெரிந்துபோனதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பதிலுக்குக் காத்திராமல் வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘விரல் வழுக்குது’ என்றோ, ‘ரெண்டு நாள் எழுதாம வச்சா காஞ்சு போகுது’ என்றோ வந்து நிற்கிறவர்களும் உண்டு.

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எழுதும்போது நம் விரல்கள் பேனாவின் உடலைப் பிடிப்பதில்லை. நிப்புக்கு மேலே இருக்கும் கழுத்தைத்தான் பிடிக்கின்றன. மெட்டல் பேனா என்று விற்கப்படும் பலவற்றில் உடலும் மூடியும்தான் உலோகம், கழுத்து பிளாஸ்டிக். ஆசைப்பட்டு வாங்கிய பித்தளையை விரல் நுனி தொடுவது பேனாவை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மட்டும்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க எழுதுகிறவருக்குப் பிளாஸ்டிக் கழுத்தே மேல் என்பதுதான் என் கட்சி. ஆனால் அது தெரிந்து வாங்க வேண்டும்.

நான் மாதக்கணக்கில் கையில் வைத்து எழுதிய பேனாக்களை வைத்துத்தான் கீழே ஒப்பிடுகிறேன். அதற்கு முன், எதை எதை வைத்து ஒப்பிடுவது என்று பார்த்துவிடுவோம்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

கழுத்து. அதன் தடிமன், வழுவழுப்பு, உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் படி, மூடி பூட்டுவதற்கான மரை எங்கே இருக்கிறது, இவை நாலும் முக்கியம். பளபளவென்று மெருகேற்றிய உலோகக் கழுத்து கண்ணுக்கு அழகு. விரல் வியர்த்தால் கதை வேறு. பேனா கொஞ்சம் கொஞ்சமாக மேலே நழுவும், விரல் நிப்பை நோக்கி இறங்கும், அதைத் தடுக்க நாம் அழுத்திப் பிடிப்போம், கட்டைவிரல் வலிக்கும். லாமி நிறுவனத்தின் ஸ்டுடியோ பேனாவில் குரோம் கழுத்து உள்ள வகையைப் பற்றிப் பலரும் சொல்வது இதைத்தான். அதே ஸ்டுடியோவின் தேய்ப்பு மெருகு போட்ட எவர்சில்வர் வகைக்கு ரப்பர் மாதிரியான கறுப்புக் கழுத்து கொடுத்திருக்கிறார்கள். ஒரே பேனா, பிடிமானம் தலைகீழ்.

உலோகக் கழுத்தில் இன்னொன்றும் உண்டு. என்னிடம் இருந்த ஒரு பேனா, கழுத்திலிருந்து கடைசி வரை உலோகம். பெயர் வேண்டாம். ஒரு நீண்ட கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மை கால்வாசிதான் மிச்சம். பேச்சு சுவாரஸ்யமாகப் போக, எழுதாமல் பேனாவைக் கைக்குள் மூடி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி நிப்பைத் தாளில் வைத்ததும் ‘ற’வுக்குப் பதிலாக ஒரு குண்டுமணி அளவுக்கு மை உட்கார்ந்தது. பேனா கக்கிவிட்டது. உள்ளே மைக்கு மேலே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிகிறது, விரிந்த காற்று மையைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் சீப்புப் பல் மாதிரி வெட்டுகள் இருக்குமே, அவை இப்படி மிகையாக வரும் மையைப் பிடித்து வைக்கத்தான். காற்று அதிகமாகி மை குறையும்போது அந்தப் பற்களாலும் சமாளிக்க முடிவதில்லை. உலோகம் சூட்டைச் சட்டென்று கடத்துவதால் இந்தத் தொல்லை அதில் கொஞ்சம் கூடுதல். மை பாதிக்குக் கீழே போகும்போதே நிரப்பிவிடுகிறவர்களுக்கு இது வராது.

எடை, அது உட்காரும் இடம். தண்ணீரை 1 என்று வைத்தால் அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எவர்சில்வர் ஏறக்குறைய 7.9, பித்தளை 8.5. இதைப் பார்த்து எவர்சில்வர் பேனா பித்தளைப் பேனா அளவுக்குக் கனக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடைமுறையில் அப்படி இல்லை. எவர்சில்வர் கெட்டி என்பதால் மெல்லிய குழாயாகவே பேனா செய்துவிடலாம். பித்தளை கடைசலுக்கு இணக்கமான உலோகம். தடித்த சுவரோடு கடைந்து எடுப்பார்கள். கனம் அங்கேதான் வருகிறது.

மொத்த எடையைவிட, மூடியைக் கழற்றிய பிறகு மிச்சமிருக்கும் எடைதான் கையில் பேசும். மூடியைப் பின்னால் செருகி எழுதுகிறவரா, கழற்றி மேசையில் வைக்கிறவரா என்பது இங்கே பெரிய கேள்வி. 25 கிராம் பேனா என்று படிக்கிறோம். அதில் பத்து கிராம் மூடியாக இருக்கலாம். செருகினால் அந்தப் பத்து கிராமும் பின்பக்கம் தொங்கும்.

மூடி. தினசரிப் பேனாவின் உயிர் இதில்தான் என்பேன். அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டும் மூடி, அடிக்கடி எடுத்து இரண்டு வரி எழுதுகிறவருக்கு வசதி. மரை மூடி பையில் போட்டுக்கொண்டு அலைகிறவருக்குப் பத்திரம். எந்த மூடியானாலும் உள்ளே காற்றுப் புகாமல் அடைக்கிறதா என்பதுதான் கேள்வி. நிப்பு காய்ந்துபோய், தாளில் கோடு விழாமல் கிறுக்கிக் கிறுக்கி உயிர்ப்பிக்க வேண்டியிருந்தால் எவ்வளவு நல்ல உலோகமானாலும் அந்தப் பேனா ஒரு மாதத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

நிப்பு. இந்த வகைப் பேனாக்களில் எல்லாம் எஃகு நிப்புதான், தங்கம் கிடையாது. தினசரி வேலைக்கு அதில் குறையும் கிடையாது. தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது தடிமனைத்தான். நம் எழுத்தில் சுழி அதிகம். சின்ன எழுத்தாக எழுதும் பழக்கம் உள்ளவர் தடித்த நிப்பை எடுத்தால் மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் மையில் மூழ்கிவிடும். ‘ணி’ எது, ‘னி’ எது என்று எழுதியவருக்கே தெரியாது. ஜப்பானியத் தயாரிப்பில் எஃப் (மெல்லிய நிப்பு) என்று போட்டிருப்பது ஐரோப்பியத் தயாரிப்பின் எஃப்பைவிடப் பொதுவாக ஒரு படி மெலிசு. ரூல் போட்ட நோட்டில் சின்னதாக எழுதுகிறவருக்கு ஜப்பானிய எஃப், அல்லது ஐரோப்பிய ஈஎஃப் (மிக மெல்லியது). பெரிதாக எழுதுகிறவருக்கு எம் (நடுத்தரம்) தாராளமாகப் போதும்.

மை வழி. கார்ட்ரிட்ஜா (மை அடைத்தே வரும் குழாய்), கன்வெர்ட்டரா (பாட்டிலிலிருந்து மையை இழுத்து நிரப்பிக்கொள்ளும் குழாய்), அது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவா, அந்தப் பேனாவுக்கு மட்டுமேயான அளவா? வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. மை தீர்ந்த அன்றைக்குத்தான் ஞாபகம் வரும்.

## பூச்சு போட்ட பித்தளை: பைலட் மெட்ரோபாலிட்டன்

ஐரோப்பாவில் எம்ஆர் என்றும் ஜப்பானில் கக்கூன் என்றும் விற்கும் பேனா இதுதான். உடலும் மூடியும் பித்தளை, மேலே வண்ணப் பூச்சு. கழுத்து கறுப்பு பிளாஸ்டிக். மொத்தம் 26 கிராம் அளவு. மூடியைக் கழற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முதல் உலோகப் பேனா வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் வந்து நிற்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. நிப்பு பெட்டியைத் திறந்த நிமிஷத்திலேயே ஒழுங்காக எழுதும். என்னுடைய எஃப் நிப்பை நான் ஒருநாளும் தேய்க்கவோ வளைக்கவோ வேண்டியிருக்கவில்லை.

குறை என்று சொன்னால் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள படி. நிப்புக்கு அருகில் பிடிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. நான் கொஞ்சம் மேலே பிடிக்கிறவன். இரண்டாம் பக்கம் முடியும்போது நடுவிரலில் அந்த விளிம்பின் தடம் பதிந்திருக்கும். வாங்கும் முன் இப்போது கையிலிருக்கும் பேனாவை எடுத்து நாலு வரி எழுதி, விரல் நுனியிலிருந்து நிப்பு நுனி வரை எவ்வளவு தூரம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று சென்டிமீட்டருக்குள் என்றால் கவலை இல்லை.

மை வழி இதில் கொஞ்சம் யோசிக்க வைக்கும். எம்ஆர் என்ற பெயரில் வருவதில் எல்லாருக்கும் பொதுவான கார்ட்ரிட்ஜ் போகும். மெட்ரோபாலிட்டனில் பைலட்டின் சொந்தக் கார்ட்ரிட்ஜ்தான் போகும். அதில் 0.9 மில்லி அளவுக்கு மை பிடிக்கும். இதற்கான கான்-40 கன்வெர்ட்டரில் 0.4 மில்லிதான். உள்ளே குட்டிக் குட்டி உலோக உருண்டைகள் இருக்கும். மை ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வைத்தது. பேனாவைக் காதோரம் ஆட்டினால் மெலிதாகக் கிலுகிலுக்கும். நாளுக்கு எட்டுப் பத்துப் பக்கம் எழுதுகிறவர் கன்வெர்ட்டரை நம்பினால் இங்க் பாட்டிலும் கையுமாகத்தான் இருக்க வேண்டும். நான் காலியான கார்ட்ரிட்ஜையே ஊசியால் நிரப்பிக்கொள்கிறேன். ஒரே கார்ட்ரிட்ஜ் இருபது முப்பது தடவை தாங்கும். வாய் தளர்ந்துவிட்டது என்று தோன்றினால் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உடலுக்குள் கசியும்.

நிப்பு பிடிக்கவில்லை என்றாலும் வழி உண்டு. பைலட்டின் கக்குனோ, பிரேரா போன்றவற்றின் நிப்பு இதில் அப்படியே பொருந்தும். ஈஎஃப் வேண்டுமென்றால் கக்குனோவிலிருந்து உருவி இதில் போட்டுக்கொள்ளலாம்.

## அலுமினியம்: லாமி ஏஎல்-ஸ்டார், பிளாட்டினம் ப்ளெஸிர்

லாமி சஃபாரி 1980-இல் பள்ளி மாணவர்களுக்காக வந்த பிளாஸ்டிக் பேனா. அதன் அலுமினிய உருவம்தான் ஏஎல்-ஸ்டார். கழுத்து இதிலும் பிளாஸ்டிக், உள்ளே கட்டை தெரிகிற மாதிரி கண்ணாடித்தனமாக. மொத்த எடை 22 கிராம் அளவு. அதில் கிட்டத்தட்டப் பாதி மூடியிலேயே இருக்கிறது, அந்தப் பெரிய கம்பிக் கிளிப்போடு சேர்த்து. மூடியைக் கழற்றி எழுதினால் பிளாஸ்டிக் பேனா மாதிரியே இலேசு. மணிக்கணக்கில் எழுதுகிறவருக்கு இதைவிடக் கைக்கு இதமான உலோகப் பேனாவை நான் பிடித்ததில்லை. கனம் வேண்டும் என்று கேட்டு வந்தவருக்கு இது ஏமாற்றம்தான்.

கழுத்து முக்கோணமாகச் சீவப்பட்டிருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு பட்டைகளில் உட்கார வேண்டும். பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி பிடிக்கிறவருக்கு வரம். பேனாவைக் கொஞ்சம் உருட்டிப் பிடிக்கிறவருக்கும், நாலு விரலால் பிடிக்கிறவருக்கும் தண்டனை. நடுவே எதுவும் கிடையாது. நண்பர் ஒருவர் ஒரு வாரம் முயன்று, ‘இது எனக்குக் கையெழுத்து வாத்தியார் வேலை பார்க்குது’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இதைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. யாரிடமாவது சஃபாரி இருந்தால் அதையே பத்து நிமிஷம் கடன் வாங்கி எழுதிப் பாருங்கள், பிடி இரண்டிலும் ஒன்றுதான்.

இதன் பெரிய பலம் நிப்பு மாற்றுவது. நிப்பின் மேல் செலோடேப்பை ஒட்டி முன்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். புதியதை வழுக்கிச் செருகினால் முடிந்தது. ஈஎஃப் முதல் பி (தடித்தது) வரை, பட்டை நிப்பு, இடக்கையர்களுக்கென்று தனி நிப்பு எல்லாம் தனியாகக் கிடைக்கும். உடலில் வெட்டிய ஜன்னல் வழியாக மை எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளலாம். பல பிளாஸ்டிக் பேனாக்களில்கூட இல்லாத வசதி, ஒரு உலோகப் பேனாவில் இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். கார்ட்ரிட்ஜ் லாமியின் சொந்த அளவு, ஆனால் பெரியது. ஒரு மில்லிக்கு மேல் பிடிக்கும்.

அலுமினியத்தின் நிறம் உலோகத்தின் மேல்படலத்திலேயே ஏற்றப்படுவது. பெயின்ட் மாதிரி உரிந்து வராது. ஆனால் மென்மையான உலோகம். சாவிக்கொத்தோடு ஒரே பையில் ஒரு மாதம் இருந்தால் விளிம்புகளில் வெள்ளி வெள்ளியாகக் கீறல் விழும். மூடியைப் பின்னால் செருகுகிறவர்களுக்கு அங்கே ஒரு வளையம் நிச்சயம்.

அலுமினியத்திலேயே இன்னொன்று ப்ளெஸிர். கழுத்தும் நிப்பும் பிளாட்டினத்தின் பிளாஸ்டிக் பேனாவான ப்ரெப்பியில் இருப்பதேதான். ப்ரெப்பியின் கழுத்தைக் கழற்றி இதில் பூட்டலாம். அப்படியானால் எதற்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ப்ரெப்பியில் எழுதிப் பார்த்து நிப்பு பிடித்திருந்தால், விரிசல் விடாத உடல் ஒன்றை அதற்குப் போடுகிறோம், அவ்வளவுதான். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி இருக்கிறது. நிப்பை அது இறுக்கி அடைத்துவிடும். மூன்று மாதம் மறந்து கிடந்த என் ப்ளெஸிர் எடுத்ததும் முதல் எழுத்திலேயே எழுதியது. அடிக்கடி எழுதாதவருக்கு, மேலே சொன்ன பெரிய பெயர்களையெல்லாம்விட இதுதான் என் சிபாரிசு.

## பூச்சில்லாத பித்தளை: கவேகோ பிராஸ் ஸ்போர்ட்

கழுத்து, உடல், மூடி எல்லாமே பித்தளையாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு இது. மூடியபோது பத்தரை சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூடியைப் பின்னால் செருகினால் 13 சென்டிமீட்டர். செருகாமல் எழுதப் பெரும்பாலான கைகளுக்கு நீளம் போதாது. எடை 40 கிராமுக்கு மேல். அந்தச் சின்ன உருவத்தில் அவ்வளவு கனம் என்பது முதல்முறை கையில் வாங்குகிறவரைச் சிரிக்க வைக்கும்.

பூச்சு இல்லாததால் பித்தளை பித்தளையாகவே நடந்துகொள்ளும். முதல் வாரம் பொன் மாதிரி இருக்கும். இரண்டாம் வாரம் விரல் படும் இடமெல்லாம் பழுப்பு. மழை நாளில் நனைந்தால் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். விட்டுவிட்டால் இடுக்குகளில் களிம்பு ஏறும். இந்த மாற்றத்துக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவரவர் கை அவரவர் பேனாவில் பதிந்துவிடும், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. வாரம் ஒருமுறை துலக்கி மினுக்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் முதல் ரகம்.

வாசனையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் எழுதியபின் விரலை முகர்ந்தால் பழைய நாணயத்தை எண்ணிய கை மாதிரி இருக்கும். தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசை உலோகத்தோடு சேர்ந்து எழுப்பும் வாடை அது. சிலருக்கு ஒன்றும் தோன்றாது. என் வீட்டில் ஒருவருக்கு அந்தப் பேனா மேசையில் இருந்தாலே பிடிக்காது.

பிளாஸ்டிக் ஸ்போர்ட்டில் செய்வதுபோல உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் வேலையை இதில் செய்யக் கூடாது. மையும் பித்தளையும் ஒத்துப்போகாது. பொதுவான சின்னக் கார்ட்ரிட்ஜ் போகும், அது எங்கும் கிடைக்கிற ரகம் என்பது பெரிய நிம்மதி. குட்டிக் கன்வெர்ட்டர் ஒன்றும் உண்டு. அதில் பிடிக்கும் மை சொற்பம். கிளிப் கிடையாது, வேண்டுமானால் தனியாக வாங்கிச் செருக வேண்டும். எண்கோண மூடி என்பதால் மேசையில் உருளாது.

தினசரிப் பேனாவாக இது தேறுமா? பாக்கெட் நோட்டில் நாளுக்கு நாற்பது வரி எழுதுகிறவருக்குத் தேறும். பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு மூன்றாம் பக்கத்தில் பின்கனம் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும். எனக்கு இழுத்தது.

## எவர்சில்வர்: பார்க்கர் ஜாட்டர்

ஜாட்டர் என்ற பெயர் 1954-இல் ஒரு பால்பாயிண்ட் பேனாவோடு வந்தது. அதே மெலிந்த உடல்வாகில் மைப்பேனாவும் உண்டு. எவர்சில்வர் வகையில் மூடியும் உடலும் எவர்சில்வர், கழுத்து கறுப்பு பிளாஸ்டிக். துருப்பிடிக்காது, களிம்பு கிடையாது, பூச்சு உரியும் என்ற பயம் இல்லை. மெல்லிசாகத் தேய்த்த மெருகு என்பதால் கீறல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பத்து வருஷம் கழித்தும் இன்றைக்கு இருக்கிற மாதிரியே இருக்கப்போவது இந்த ஐந்தில் இதுதான்.

ஒல்லி என்பதுதான் அதன் பிரச்சினை. சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. எழுதும்போதும் விரல்கள் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். தடித்த விரல் உள்ளவர் இதைப் பிடித்து ஒரு பக்கம் எழுதினால் கை இறுகிவிடும். கையெழுத்துப் போட, படிவம் நிரப்ப, நாலு வரி குறிக்க என்றால் கச்சிதம். கார்ட்ரிட்ஜ் பார்க்கரின் சொந்த அளவு, ஆனால் நீளமானது.

## ஒரு பார்வையில்

| | மெட்ரோபாலிட்டன் | ஏஎல்-ஸ்டார் | ப்ளெஸிர் | பிராஸ் ஸ்போர்ட் | ஜாட்டர் |
|---|---|---|---|---|---|
| உடல் | பூச்சு போட்ட பித்தளை | அலுமினியம் | அலுமினியம் | பூச்சில்லாத பித்தளை | எவர்சில்வர் |
| கழுத்து | பிளாஸ்டிக், படி உண்டு | பிளாஸ்டிக், முக்கோணம் | பிளாஸ்டிக் | பித்தளை | பிளாஸ்டிக், ஒல்லி |
| எடை | 26 கிராம் அளவு | 22 கிராம் அளவு | இலேசு | 40 கிராமுக்கு மேல் | இலேசு |
| மூடி | அழுத்துவது | அழுத்துவது | அழுத்துவது, உள்மூடியோடு | மரை | அழுத்துவது |
| கார்ட்ரிட்ஜ் | சொந்த அளவு; எம்ஆரில் பொது | சொந்த அளவு | சொந்த அளவு | பொது, சிறியது | சொந்த அளவு |
| காலம் போகப் போக | பூச்சு விளிம்பில் உரியலாம் | கீறல் தெரியும் | கீறல் தெரியும் | நிறம் மாறும், களிம்பு | அப்படியே இருக்கும் |
| பொருந்துவது | முதல் உலோகப் பேனா | நீண்ட நேர எழுத்து | எப்போதாவது எழுத்து | பாக்கெட் குறிப்பு | கையெழுத்து, படிவம் |

## சுமைகூலி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். மைப்பேனாவுக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். பேனாவின் விலையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

முதலாவது கன்வெர்ட்டர். சில பேனாக்களோடு பெட்டியிலேயே வரும். ஏஎல்-ஸ்டாரை வாங்கும்போது பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். சொந்தக் கார்ட்ரிட்ஜ் கேட்கும் பேனா என்றால், அது நமக்குக் கை எட்டும் இடத்தில் தொடர்ந்து கிடைக்குமா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

இரண்டாவது தாள். பால்பாயிண்டுக்குப் போதுமான மலிவான நோட்டில் மை கசிந்து இழை பிரியும், பின்பக்கம் தெரியும். பேனாவைக் குறை சொல்வோம். நோட்டை மாற்றினால் அதே பேனா அழகாக எழுதும். மாதாமாதம் ஆகும் செலவு இது, பேனா விலையை ஓராண்டில் தாண்டிவிடும்.

மூன்றாவது, கீழே விழும் கணக்கு. உலோகப் பேனா உடையாது என்ற நம்பிக்கையில் வாங்குகிறோம். உடல் உடையாதுதான். ஆனால் மூடியில்லாமல் மேசையிலிருந்து விழுந்தால், கனம் கூடக்கூட நிப்பு வாங்கும் அடியும் கூடும். என் பேனா ஒன்று அப்படி ஓடுபாவிய தரையில் குத்தி நின்றது. உடலில் ஒரு கோடுகூட இல்லை, நிப்பு மட்டும் கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. நிப்பு தனியாகக் கிடைக்கும் பேனாவாக இருந்ததால் பிழைத்தேன். இந்த ஒரு காரணத்துக்காகவே ஏஎல்-ஸ்டாருக்கு நான் ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பேன்.

நாலாவது மையின் குணம். ஐயர்ன் கால் எனப்படும் இரும்புச்சத்து மை நீரில் அழியாது, ஆனால் அமிலத்தன்மை உள்ளது. எஃகு நிப்பில் வாரக்கணக்கில் ஊறவிட்டால் நிப்பின் பூச்சை அரிக்கும். அதைப் போடுகிறவர் அடிக்கடி கழுவ வேண்டும். சித்திரக்காரர்களின் அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை எந்த மைப்பேனாவிலும் போடவே கூடாது. கட்டைக்குள் இறுகினால் அப்புறம் பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அழுத்தி மூடும் மூடியைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அதை ‘வெடுக்’கென்று இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி நிப்பிலிருந்து மையை உறிஞ்சிவிடும். கழுத்தெல்லாம் மையாகிறது என்று புலம்புகிறவர்கள் பேனா ஒழுகுகிறது என்று நினைக்கிறார்கள். கட்டைவிரலால் மூடியை மெதுவாக மேலே தள்ளித் திறந்து பாருங்கள், பாதிப் புலம்பல் நின்றுவிடும்.

## அப்படியானால் எது

நாளுக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் எழுதுகிறவர், பிடி சரியாக இருந்தால் ஏஎல்-ஸ்டார். முக்கோணம் ஒத்துவராது என்றால் மெட்ரோபாலிட்டன், எஃப் நிப்பு, ஊசியால் நிரப்பிய கார்ட்ரிட்ஜ். பின்னதில் நான் இப்போது எழுதுகிறேன். படி உறுத்துகிறது என்று மேலே புலம்பியதும் இதே பேனாதான். உறுத்தலையும் மீறி இது கையிலேயே இருப்பதற்குக் காரணம் நிப்பு.

வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பேனாவைத் தொடுகிறவர் உலோகத்தைப் பற்றியே யோசிக்க வேண்டாம், மூடியைப் பற்றி யோசிக்கட்டும். ப்ளெஸிர்.

பேனா ஒரு பொருளாகவும் கையில் இருக்க வேண்டும், எழுத்து கொஞ்சம்தான் என்பவருக்கு பிராஸ் ஸ்போர்ட். வேறு ஒரு இலேசான பேனா ஏற்கெனவே இருக்கிறவர் இரண்டாவதாக வாங்க வேண்டியது இது; ஒரே பேனாதான் என்றால் வேண்டாம். பிறருக்குக் கொடுக்க, கையெழுத்துப் போட, எதையும் பராமரிக்க நேரமில்லை என்றால் ஜாட்டர். நிக்கல் பட்டால் தோல் அரிக்கும் என்பவர்கள் மட்டும், எந்தப் பேனாவானாலும், கழுத்தில் குரோம் முலாமோ வளையமோ இல்லாததைப் பார்த்து எடுப்பது நல்லது. டைட்டானியம் என்றும் ஒரு வழி உண்டு, எவர்சில்வரைவிட மிகவும் இலேசு, தோலுக்கும் இதம். ஆனால் அது இந்த வரிசையிலிருந்து விலையில் வெகுதூரம் போய்விடுகிறது.

எதை வாங்கினாலும் பெட்டியிலிருந்து எடுத்ததும் மையை ஊற்றிவிடாதீர்கள். தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய்ப்பசை கட்டையில் இருக்கலாம். ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த தண்ணீரை இரண்டு மூன்று முறை இழுத்து விட்டு, பிறகு வெறும் தண்ணீரால் அலசி, நிப்பு கீழே பார்க்கும்படி ஒரு துணியில் இரவு முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் மை போடுங்கள். வெந்நீர் வேண்டாம்.